பலாலியும் மீனம்பாக்கமும்: தூரமும் பயண நேரமும்

இரு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கணிப்பதற்குக் கோளத் திரிகோண கணிதம் வேண்டும் என்பர். பலாலிக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் அது அவ்வளவாகத் தேவைப்படாது. இரண்டும் ஏறத்தாழ 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டிலேயே அமைந்துள்ளன. பலாலியின் அகலக்கோடு வடக்கு 9.8 பாகை, மீனம்பாக்கத்தினது 13. வித்தியாசமாகிய 3.2 பாகையைப் பாகையொன்றுக்கு 111 கிலோமீற்றர் எனப் பெருக்கினால் 355 கிலோமீற்றர் வரும். அதே முறையில் தெற்கே இரத்மலானைக்குக் கணித்தால் 330. ஆகவே யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பும் சென்னையும் வான்வழியில் ஏறக்குறைய ஒரே தொலைவினவே. பாடசாலை மாணவனும் செய்யக்கூடிய இக்கணக்கு நடைமுறையில் எவ்வாறு பொய்த்துப் போயிற்று என்பது நோக்கற்பாலது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையினர் அமைத்த ஓடுபாதையே பலாலி. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணிகள் விமானமாகிய டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து புறப்பட்டு இவ்விடத்தில் இறங்கியே சென்னைக்குச் சென்றது. நாட்டின் முதல் விமான சேவைக்கே யாழ்ப்பாணம் இடைத்தரிப்பாக இருந்தமை இன்று பலரும் அறியாததொன்று. டக்கோட்டாவின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் எனக் கொண்டால், பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரமளவில் பறந்திருக்கும்.

1983இன் பின்னர் நாடு போருக்குள் அமிழ்ந்தபோது பலாலி முதன்மையாகப் படைத்தளமாயிற்று. 1990இல் பலாலி, மயிலிட்டி, வசாவிளான் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஓடுபாதைக்கு மிக அண்மையில் வாழ்ந்தவர்களே அதற்கு மிகத் தொலைவிலாயினர். அவர்களுடைய காணிகளில் ஒரு பகுதி 2019இலும் விடுவிக்கப்பட்டிருக்கவில்லை. தரைவழி அடைபட்டிருந்த காலத்தில் கொழும்புக்கான உள்நாட்டு விமானம் ஓடியது உண்மையே. ஆயினும் 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் இரணைதீவுக்கு அண்மையில் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 330 கிலோமீற்றர் என்ற எண் அக்குடும்பங்களுக்கு எதனையும் உணர்த்தாது.

சென்னைக்குச் செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர் முதலில் இரவு முழுவதும் பேருந்திலிருந்து தெற்கே கட்டுநாயக்காவை அடைய வேண்டியிருந்தது. அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 645 கிலோமீற்றர். தேசப்படத்தில் இவ்விரு நிலையங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்த்தால், அக்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாகவே செல்வதைக் காணலாம். தன் வீட்டை விட்டு ஓரிரவு பயணஞ் செய்தவர், மறுநாள் தன் வீட்டுக்கு மேலாகவே அயல்நாடு போவதற்கு ஒப்பானது இது!

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. நவம்பர் 11ஆம் திகதி சென்னைக்கான ஒழுங்கான சேவை தொடங்கிற்று. அதிற் பறந்த ஏரீஆர் 72 விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். எழுபது ஆண்டுக்கால விமானத் தொழினுட்ப வளர்ச்சி இத்தடத்தில் மீதப்படுத்தித் தந்தது அரைமணி நேரமளவே எனலாம். மூடிய வாயில் பறித்திருந்ததோ ஒரு முழு இரவும் பகலின் ஒரு பகுதியும். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக அவ்வாயில் மீண்டும் அடைபட்டது. பயணிகள் பழையபடி கட்டுநாயக்காவுக்குச் செல்லும் இரவுப் பேருந்துகளையே நாட வேண்டியதாயிற்று. 2022 டிசெம்பர் 12ஆம் திகதி சென்னை விமானம் திரும்பவும் பலாலியில் இறங்கியது.