உரும்பிராயிலிருந்து எழுந்த பாட்டு

ஒரு நாட்டின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று வாசல்களில் நின்றே எழுதுகின்றனர். அரண்மனை வாசல் ஒன்று. கோயில் வாசல் மற்றொன்று. சங்கீத சபையின் வாசல் மூன்றாவது. இவற்றில் எதிலும் நுழையாத பாடகன் வரலாற்றிலும் நுழைவதில்லை. பாடசாலை மண்டபத்திலும், கலியாண வீட்டுப் பந்தலிலும், விளையாட்டுப் போட்டி முடிந்த மைதானத்திலும் நூறு பேர் முன்னிலையில் பாடிவிட்டு, மறுநாட் காலையில் தன் தொழிலுக்குப் போகிறவனை நாம் கலைஞன் என்று எண்ணுவதேயில்லை. "பொழுதுபோக்காகப் பாடுகிறான்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறோம்.

இந்த ஒதுக்கல் நியாயமானதா என்பதை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் உரும்பிராய்க் கிராமத்தவரான நித்தி கனகரத்தினத்தை முன்வைத்து ஆராய விரும்புகிறோம். 1960களில் கிற்றாரை ஏந்தித் தமிழில் பொப் பாடல்கள் பாட முன்வந்தவர் அவர். ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடி என்று இன்று பலரும் அவரைக் குறிப்பிடுகின்றனர். ஆனால் அப்பாடல்கள் பிறந்த காலத்தில் நமது பண்டிதர்கள் அவற்றைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முற்போக்காளர்களாகிய நாமும் போட்டுக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குவோம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், கோண்டாவிலைக் கடந்ததும் வருவது உரும்பிராய். சிவந்த மண். சுண்ணாம்புக் கற்பாறையை உடைத்துத் தோண்டிய கிணறுகள். வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழைத் தோட்டங்கள். ஆறு இல்லாத குடாநாட்டில் துலா மிதித்து நீர் இறைத்தே பயிர் வளர்த்தனர். பின்னர் நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது. உழைப்பே இம்மண்ணின் முதல் இலக்கணம்.

இத்தகைய கிராமத்தில் இசைக்குக் குறைவிருக்கவில்லை. கோயில் திருவிழா வந்தால் நாதஸ்வரமும் தவிலும் விடியும்வரை ஒலிக்கும். அயற்கிராமமாகிய இணுவில் தவில் வித்துவான்களுக்குப் பெயர் பெற்றது. 1933இல் பிறந்து 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் தமிழகத்து வித்துவான்களையும் வியக்க வைத்தது. கோயில் வெளி வீதியில் இசை நாடகம் நடக்கும். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து 'மயான காண்டம்' நாடகத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் நடித்துப் பாடினார். மரண வீட்டில் பறை ஒலித்தது. தேநீர்க் கடையில் வானொலி சினிமாப் பாட்டைச் சொரிந்தது.

ஆனால் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு சாதி இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தவில் வாசித்தவரின் வாசிப்பைக் கொண்டாடிய அதே சமுதாயம், வாசித்து முடித்தபின் அவரைச் சமமாக இருத்தி உணவு பரிமாறத் தயங்கியது. பறை அறைந்தவனின் இசையை இசையென்று ஒப்புக்கொள்ளவேயில்லை. கர்நாடக சங்கீதமோ படித்த, வசதியுள்ள குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்குரிய அலங்காரமாகவும் விளங்கிற்று. எந்தச் சாதிக்கும் உரியதல்லாத, எந்தச் சடங்குக்கும் கட்டுப்படாத, யார் வேண்டுமானாலும் கையிலெடுக்கக்கூடிய ஒரு வாத்தியம் இந்த ஊர்களில் இருக்கவில்லை. கிற்றார் அந்த வெற்றிடத்தில்தான் வந்து சேர்ந்தது.

அது எங்கிருந்து வந்தது?

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்கள் விட்டுச் சென்றவை கோட்டைகளும் தேவாலயங்களும் மட்டுமல்ல. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கொண்டுவரப்பட்ட மக்கள் இந்த மண்ணிலேயே தங்கினர். புத்தளம் பகுதியில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். மட்டக்களப்பிலோ போர்த்துக்கேயப் பறங்கியர் தமது பழைய ஆடல் பாடல்களைப் பேணி வந்தனர். கவ்ரிஞ்ஞா என்ற அந்த ஆட்ட இசையிலிருந்து பைலா வளர்ந்தது. 'பைலா' என்னும் சொல்லே ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பொலிஸ் சேவையில் இருந்த வோலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் மேடைப் பாட்டாக்கினார். ஆக, மேட்டுக்குடியினர் 'கூத்தடிப்பு' என்று முகஞ்சுளித்த இசையின் வேரில் இருப்பது அடிமைகளின் மூச்சு.

உலகின் மறுகோடியிலும் இதுவே நடந்தது. திரினிடாட் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்தோரின் சந்ததியினர் கலிப்சோவைப் படைத்தனர். ஊர்ச் செய்தியையும் ஆள்வோரின் ஊழலையும் அண்டை வீட்டு வம்பையும் அதில் வைத்துப் பாடினர். 1956இல் ஹரி பெலபொன்ரேயின் 'கலிப்சோ' இசைத்தட்டுப் பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாகி அந்தச் சந்தத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. இலங்கை இளைஞரின் காதிலும் அது விழுந்தது. 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவினரும் சிங்களத்தில் கிற்றார்ப் பாடல்களைப் பரப்பினர். தமிழில் அந்த வேலையைச் செய்யத் துணிந்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் நித்தி கனகரத்தினம்.

அவர் பாடத் தொடங்கிய இடமும் சிந்திக்கத்தக்கது. அம்பாறையிலுள்ள ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் அவர் மாணவராக இருந்தார். அம்பாறை கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த நகரம். 1956 ஜூனில், சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட நாட்களில், அந்தக் கல்லோயாப் பகுதியில்தான் தமிழர் வேட்டையாடப்பட்டுக் கொலையுண்டனர். அதன் பின்னர் பத்தாண்டு அளவே சென்றிருந்த வேளையில், அதே நகரின் மாணவர் கூட்டங்களில் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞன் கிற்றாரோடு எழுந்து தமிழில் பாடினான். பாட்டு இனப்பகையைத் தீர்த்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. பாட்டுக்கு அத்தகைய வல்லமை இல்லை. ஆனால் மேடையில் ஒலித்த சந்தம் இரு மொழியினருக்கும் பொதுவானது. அந்தப் பொதுமையை வளர்த்தெடுக்க அரசியல் தவறியது என்பது மறுக்க முடியாத உண்மை.

அவருடைய 'சின்ன மாமியே' என்ற பாடலை அறியாத ஈழத் தமிழர் அரிது. இளைஞன் ஒருவன் மாமியிடம் அவளுடைய மகள் எங்கே என்று கேட்கிறான். பள்ளிக்குப் படிக்கப் போயிருக்கிறாள் என்று மாமி பெருமையோடு சொல்கிறாள். அவன் அதை நம்பாமல் கேலி செய்கிறான். பாட்டின் உள்ளடக்கம் இவ்வளவே. வேடிக்கைப் பாட்டு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வரலாற்று மாணவன் சிரித்துவிட்டு மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும்.

கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக, முன்னர் அடுப்படியோடு நின்ற வீடுகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் புத்தகத்தோடு வீதிக்கு வந்தனர். மச்சானுக்கென்றே வளர்க்கப்பட்ட மச்சாள் இப்பொழுது பாடசாலைக்குப் போகிறாள், பேருந்தில் ஏறுகிறாள், ஊரார் கண்ணில் படுகிறாள். தாய்க்கு அது பெருமை. உரிமை கொண்டாடும் முறை மாப்பிள்ளைக்கோ அது கலக்கம். ஒரு தலைமுறையின் குடும்பக் குழப்பத்தை, பல பக்கக் கட்டுரைகள் செய்ய வேண்டிய வேலையை, மூன்று நிமிடப் பாட்டு செய்துவிடுகிறது. குறையையும் மறைக்க வேண்டியதில்லை: மாமி பேசுகிறாள், மருமகன் பேசுகிறான், எவளைப் பற்றி இவ்வளவு பேச்சோ அந்தப் பெண் பேசுவதில்லை. அவளுக்கு அந்த மேடையில் இடமில்லை. சிறு மேடையும் ஆண்களின் மேடையாகவே இருந்தது.

இப்பாட்டின் மொழியைப் பாருங்கள். 'பொடியன்' என்றும் 'அணை' என்றும் யாழ்ப்பாணத்துப் படலையடியில் ஒலிக்கும் வார்த்தைகள் அப்படியே பாட்டிலேறின. அக்காலத்து மேடை நமக்கு அளித்தவை இரண்டு மொழிகள்: சங்கீதக் கச்சேரியின் தெலுங்கு, சினிமாவின் சென்னைத் தமிழ். நமது எழுத்தாளர்கள் சிறுகதையில் பேச்சுத் தமிழ் வரலாமா என்று 'இழிசனர் வழக்கு'ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தனர். மண்வாசனைக்காக வாதாடினோம், தேசிய இலக்கியம் என்று முழங்கினோம். ஆயினும் அதே பேச்சுத் தமிழ் கிற்றாரோடு வந்தபோது அதை நாம் இனங்காணவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலிய கூத்துக்களை மேடையேற்றி நாட்டுக் கூத்துக்கு மதிப்புத் தேடித் தந்தார். அது மகத்தான பணி. ஆனால் பழைமைக்குக் கிடைத்த அந்த மதிப்பு, கண்முன்னே பிறந்துகொண்டிருந்த புதிய மக்களிசைக்குக் கிடைக்கவில்லை.

நித்தியின் மற்றொரு புகழ்பெற்ற பாடல் கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று மன்றாடுவது. இதனோடு நாம் சற்று வாதாட வேண்டியிருக்கிறது. குடியால் கூலி கரைந்த வீடுகளின் துயரம் கற்பனையன்று. மனைவி மக்களின் பசியும் கற்பனையன்று. அந்தத் துயரத்தைப் பாட்டு நேர்மையாகச் சொல்கிறது. ஆனால் கள்ளுக்கடைக்குப் பின்னால் பனைமரம் நிற்கிறது. பனைமரத்தின் உச்சியில் ஒரு தொழிலாளி நிற்கிறான். உயிரைப் பணயம் வைத்து மரமேறி இறக்கிய கள்ளை ஊரார் குடித்தனர். இறக்கியவனைக் கோயிலுக்குள் விடவில்லை. தேநீர்க் கடையில் அவனுக்கு வேறு பாத்திரம் வைத்தனர். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் இந்தக் கொடுமைக்கு எதிராகவே எழுந்தன. அதே ஆண்டுகளில் பிறந்த பாட்டில் குடிப்பவனுக்குப் புத்திமதி இருக்கிறது; இறக்குபவனுக்கு இடமில்லை. இது பாடகரின் தனிக் குற்றமன்று. மத்தியதர வர்க்க இளைஞனின் பார்வை எட்டிய எல்லை அது. அந்த எல்லையைச் சுட்டுவது நம் கடமை. அதற்காகப் பாட்டையே தள்ளிவிடுவது நம் மடமை.

இனி, இந்தப் பாடகர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று பார்ப்போம். பாட்டால் வாழவில்லை என்பதே சுருக்கமான விடை. பாட்டுக்காக வாழ்ந்தனர். தோளில் ஒரு கிற்றார், மடியில் பொங்கோ, வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி, இவையே மூலதனம். அழைத்த வீட்டார் தரும் சாப்பாடும் வழிச்செலவுமே ஊதியமான இரவுகள் பல. நித்தி கனகரத்தினம் கல்வித் துறையைத் தொழிலாகக் கொண்டவர். பாடல் அவருடைய ஓய்வு நேரத்தின் உழைப்பு. 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது உள்ளூர்க் கலைக்குச் சற்றே மூச்சுவிட இடம் கிடைத்தது. இலங்கை வானொலி பொப் பாடல்களை ஒலிபரப்பியது, இசைத்தட்டுகளும் வந்தன. ஏ. ஈ. மனோகரன், ஸ்டனி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை எனப் பலர் ஊர்தோறும் மேடையேறினர்.

மனோகரன் தமிழகம் சென்று 'சிலோன் மனோகர்' ஆனார். 2018 ஜனவரியில் சென்னையிலேயே மறைந்தார். அவர் பரப்பிய 'சுராங்கனி' 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் ஒலித்தது. நமது சிறு மேடைப் பாட்டு பெரிய சந்தைக்குப் போனது இவ்வாறுதான். சந்தை பாட்டை எடுத்துக்கொள்ளும்; அது பிறந்த ஊரையும் முதலில் பாடிய குரல்களையும் நினைவில் வைப்பதில்லை. 'சின்ன மாமியே' பாடுகிறவர்களிலும் எத்தனை பேருக்கு அதன் ஆசிரியர் உரும்பிராயார் என்று தெரியும்?

உரும்பிராய் என்ற பெயரை நாடு அறிந்ததோ வேறொரு காரணத்தால். 1974 ஜனவரி 10ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் நடந்த தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிர்கள் பலியாயின. அவ்வாண்டு ஜூன் 5ஆம் திகதி, பொலிசாரின் பிடியில் அகப்படாமல், உரும்பிராயைச் சேர்ந்த இருபத்து மூன்று வயது இளைஞன் பொன். சிவகுமாரன் நஞ்சருந்தி மாண்டான். ஒரே கிராமம்; பத்தாண்டுக்குள் இரண்டு இளமைகள். ஒன்று கிற்றாரை ஏந்தியது; மற்றொன்று நஞ்சை ஏந்தியது. தரப்படுத்தலும் மொழிச் சட்டமும் வேலையின்மையும் இளைஞரை நெருக்கிய காலத்தில் பாடிக்கொண்டிருந்தது தவறென்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். பாடக்கூடிய வயதில் சாகும்படி ஒரு தலைமுறையை நெருக்கியதே தவறு.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983க்குப் பின் இசைக்குழுக்கள் சிதறின. ஊரடங்குச் சட்டம் உள்ள நாட்டில் இரவுக் கச்சேரி ஏது? ஊர்கள் வெறிச்சோடின, பாடியவர்கள் கண்டங்கள் தோறும் சிதறினர். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் பாட்டு செத்துவிடவில்லை. புலம்பெயர்ந்தோர் கூடும் பனிநாட்டு மண்டபங்களில், கலியாண விருந்து முடிந்து கதிரைகள் ஒதுக்கப்பட்டதும், 'சின்ன மாமி' வந்துவிடுகிறாள். உரும்பிராயைக் கண்ணால் காணாத பேரப்பிள்ளைகளும் கைதட்டுகிறார்கள்.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய படிப்பினை யாது? கலையை உழைப்பாக மதிக்க வேண்டும் என்று வாயளவில் கூறுகிறோம். அதிகார வாசல்களில் நின்ற கலையையே பாடத்திட்டத்தில் வைக்கிறோம். நமது ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒருகாலத்தில் பொங்கோ தட்டியவர், கிற்றார் மீட்டியவர், ஒலிபெருக்கி கட்டியவர் இன்னும் இருக்கக்கூடும். எழுபதையும் எண்பதையும் கடந்திருப்பார். அவரிடம் செல்லுங்கள். எந்த மேடையில், யாருக்கு முன்னால், என்ன பாடினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட ஆசைப்பட்டும் மேடை கிடைக்காத பெண்கள் இருந்தார்களா என்றும் கேளுங்கள்.

கேட்கத் தாமதித்தால் அவ்வரலாறு அவர்களோடு போய்விடும். பாட்டு மட்டும், பெயரற்றதாய், எஞ்சி நிற்கும்.