சாரலுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? உரியியல் முதல் விளக்க அகராதி வரை ஒரு சொல்வழிப் பயணம்

முன்னுரை

ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று தென்காசிக்குள் புகுகிறது. மேற்கு மலையில் பெய்யும் மழையின் நுண்துளிகளை அக்காற்று சுமந்து வந்து வெயிலுக்கு நடுவிலேயே முகத்தில் தெளித்துவிட்டுப் போகிறது. இவ்வூர் மக்கள் அதைச் சாரல் என்கிறார்கள். ஆங்கிலம் பயிலும் மாணவர் ஒருவர் இச்சொல்லுக்கு அகராதியில் நிகர் தேடினால் 'டிரிஸில்' என்ற சொல்லில் வந்து நிற்கக்கூடும். டிரிஸில் என்பது வானத்திலிருந்து மெல்ல விழும் தூறல். காற்று அதற்கு வேண்டியதில்லை. சாரலுக்கோ காற்றுதான் உயிர். 'ஸ்ப்ரே' என்றால் அது குற்றால அருவியடியில் தெறிக்கும் திவலைக்குப் பொருந்துமே தவிர, மூன்று கல் தொலைவில் உள்ள தென்காசித் தேரடியில் நிற்பவர்மேல் படும் ஈரத்துக்குப் பொருந்தாது.

சொல்லுக்குச் சொல் வைக்கும் முறை எங்கே நின்றுவிடுகிறது என்பதை இந்தச் சிறு சிக்கல் காட்டுகிறது. ஆங்கிலத்தில் உயர்நிலைச் சொல்வளம் பெற விரும்புபவருக்கு நிகர்ச்சொல் போதாது. சொல்லின் விளக்கம் வேண்டும். இந்த அறிவு தமிழருக்குப் புதிதன்று. தமிழ் இலக்கணமும் நிகண்டும் அகராதியும் வெவ்வேறு காலங்களில் அதன் வெவ்வேறு பகுதிகளைக் கண்டறிந்து வைத்துள்ளன. அவ்வளர்ச்சியைத் திருநெல்வேலிச் சீமையை நடுவாகக் கொண்டு தொடர்ந்து காண்பதும், இன்றைய ஆங்கிலக் கல்விக்கு அது தரும் வழியைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

உரியியல் வகுத்த நெறி

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயல் உரியியல். பொருள் விளங்காத சொற்களுக்குப் பொருள் கூறுவதே அதன் வேலை. அதன் தொடக்கத்திலேயே ஒரு நெறி உள்ளது: வழக்கில் பயிலாத சொல்லை, பயின்ற சொல்லோடு சார்த்தி உணர்த்த வேண்டும். எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூற வேண்டியதில்லை, அறியாதவற்றுக்குக் கூறினால் போதும் என்பது அதை ஒட்டிய தெளிவு. பொருளுக்கும் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லை இல்லை என்ற எச்சரிக்கையும் அவ்வியலில் உண்டு.

அகராதி தொகுப்போர் இன்றும் எதிர்கொள்ளும் இரண்டு பெரிய சிக்கல்கள் இவற்றுள் அடங்கியிருக்கின்றன. கடினமான சொல்லை அதைவிடக் கடினமான சொல்லால் விளக்கக்கூடாது என்பது ஒன்று. விளக்கம் வட்டமாகச் சுழன்று புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடக்கூடாது என்பது மற்றொன்று. இவற்றுக்கான விடை எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நிகண்டு: கூட்டமாகக் கற்ற சொல்

உரியியலுக்குப் பின் சொற்பொருள் மரபு நிகண்டுகளாகப் பெருகியது. திவாகரம் என்னும் நிகண்டு சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரித்தது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என முதல் பத்தும் பொருள்வகையால் அமைந்தவை. பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்லும். பன்னிரண்டாம் தொகுதி எண்ணால் தொகுக்கப்படும் பொருள்களைச் சொல்லும். 16ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு இந்தப் பன்னிரண்டையும் விருத்தப்பாவில் தந்தது. திண்ணைப் பள்ளி மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள்.

நிகண்டு ஒரு சொல்லை வரையறுப்பதில்லை. அதன் உறவினரிடையே நிறுத்திக் காட்டுகிறது. மலைக்குரிய பெயர்களை எல்லாம் ஒரே மூச்சில் கற்கும் மாணவருக்குச் சொல் தனித்து வருவதில்லை, சுற்றத்தோடு வருகிறது. இந்தக் கல்வி எத்தகைய சொற்செல்வத்தை உண்டாக்கியது என்பதற்குக் குற்றாலமே சான்று. குற்றாலத்தை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் மலை, மரம், பறவை, ஊர் எனப் பெயர்கள் அருவிபோல் கொட்டுகின்றன. மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் காலத்தில் (1706-1732) எழுந்த நூல் அது. நிகண்டு மரபில் ஊறிய நாவுக்கே அத்தகைய வேகம் கைகூடும்.

அகர வரிசையின் வருகை

அதே காலத்தில், அதே சீமையில் இன்னொரு முயற்சிக்கு விதை ஊன்றப்பட்டது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டிப் பகுதியில் தம் தொடக்கப் பணியைச் செய்தவர். அவர் 1732இல் சதுரகராதியை முடித்தார். அகர வரிசை தமிழுக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. 1594இல் ரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதல் எழுத்தை வைத்துச் சொற்களை அடுக்கியது. வீரமாமுனிவர் அவ்வரிசையைச் சொல்லின் அடுத்தடுத்த எழுத்துகளுக்கும் நீட்டினார், செய்யுளை விட்டுவிட்டார். மனப்பாடம் செய்யாதவரும் தேடி எடுக்கக்கூடிய கருவி அப்படித்தான் பிறந்தது. அந்நூல் முழுமையாக அச்சேறியது 1824இல்.

சதுரகராதியின் நான்கு பிரிவுகள் நம் கவனத்துக்கு உரியவை. பெயரகராதி ஒரு சொல்லின் பல பொருள்களைத் தருகிறது. பொருளகராதி ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களைத் தருகிறது. தொகையகராதி ஒன்றாக எண்ணப்படுபவற்றைத் தொகுக்கிறது. தொடையகராதி எதுகைக்கு உதவும் சொற்களை அடுக்குகிறது. அகர வரிசைக்கு மாறியபோதும் நிகண்டின் சுற்றத்தை முனிவர் கைவிடவில்லை. அவருக்குப் பின் வந்த இருமொழி அகராதிகளில் அந்தச் சுற்றம் சிதறியது.

நிகர்ச்சொல்லின் காலம்

சென்னை வேப்பேரியில் பப்ரிசியுசு 1779இல் தமிழ்-ஆங்கில அகராதியையும் 1786இல் ஆங்கில-தமிழ் அகராதியையும் வெளியிட்டார். முன்னதில் சுமார் 9,000 சொற்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் அப்பணியைப் பெரிதாக்கினார்கள். வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. ஒரு மொழியின் சொல்லுக்கு எதிரே மற்ற மொழியின் சொல்லை வைப்பது இவ்வகை நூல்களின் அடிப்படை. அயல்மொழியின் வாசலைத் திறக்க அதுவே எளிய திறவுகோல். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் ஆங்கிலம் தேர்வுக்கும் வேலைக்கும் வழியானது. அருஞ்சொல்லும் அதற்கு நேரே தமிழும் எழுதிய 'மீனிங் நோட்டு' மாணவர் கையில் நிலைத்தது.

ஆயினும் விளக்க நெறி முற்றிலும் மறையவில்லை. பாளையங்கோட்டையில் 1820 முதல் 1838 வரை வாழ்ந்த ரேனியுசு, பூமி சாத்திரம் என்னும் நூலை எழுதினார். புவியியல் கருத்துகளைத் தமிழில் சொல்ல முனைந்தவருக்கு நிகர்ச்சொற்கள் ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. பொருளை உரைநடையில் விளக்கித்தான் சொல்லை நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் இதே திருநெல்வேலியில் 1934இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முன்னின்று நடத்திய அச்சங்கத்தின் சொல்லாக்கப் பணியால் 1938இல் கலைச்சொற்கள் நூல் வெளிவந்தது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் சொல் படைப்பவர் முதலில் அந்த ஆங்கிலச் சொல்லின் எல்லையை அறிய வேண்டும். ஆகவே கலைச்சொல்லாக்கம் ஆங்கிலச் சொல்லறிவுக்கும் ஆழமான பயிற்சியாக இருந்தது.

திருநெல்வேலிக்காரரான ச. வையாபுரிப் பிள்ளை 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து நடத்திய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் அனுபந்தமாகவும் வந்தது. அது தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருகிறது. தெரிந்த தமிழ்ச் சொல்லை எடுத்து அதன் ஆங்கில விளக்கத்தை வாசிப்பது, ஆங்கிலம் கற்க இன்றும் பயன்படுத்தத்தக்க தலைகீழ் வழி.

1,490 சொற்களின் வலிமை

உரியியலின் இரு சிக்கல்களுக்கும் ஆங்கில அகராதியியலில் முறையான விடை இந்திய மண்ணின் அனுபவத்திலிருந்தே கிடைத்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சித் துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர்கள் ஆங்கிலம் வாசிக்கப் படும் பாட்டை நேரில் கண்டவர். அவரும் எண்டிகாட்டும் 1935இல் வெளியிட்ட நியூ மெதட் ஆங்கில அகராதி, சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கியது. பயிலாததைப் பயின்றதால் உணர்த்தும் நெறி அங்கே எண்ணிக்கையோடு செயலுக்கு வந்தது.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி 1942இல் வெளியிட்ட அகராதியை ஆக்ஸ்போர்டு 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. சொல்லின் பொருளோடு அது வாக்கியத்தில் நடக்கும் முறையையும் அந்நூல் காட்டியது. 1978இல் லாங்மன் அகராதி சுமார் 2,000 விளக்கச் சொற்களோடு வந்தது. 1987இல் கோபில்ட் அகராதி விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது.

இவ்வளர்ச்சியைத் தொகுத்துப் பார்த்தால், நிகண்டு சொல்லின் சுற்றத்தைத் தந்தது; இருமொழி அகராதி நிகரைத் தந்தது; விளக்க அகராதி வேறுபாட்டைத் தந்தது. உயர்நிலைச் சொல்வளம் என்பது பெரும்பாலும் வேறுபாட்டை அறியும் திறன்தான்.

அருவிக்கரையில் ஒரு சோதனை

குற்றாலத்தில் பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, தேனருவி, செண்பகாதேவி அருவி எனப் பல உண்டு. தமிழ் 'அருவி' என்னும் ஒரே சொல்லுக்கு முன் அடை சேர்த்து வேறுபாடு காட்டுகிறது. ஆங்கிலம் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. 'வாட்டர்ஃபால்' பொதுச்சொல். 'கேஸ்கேட்' என்பது பாறைப் படிகளில் தத்தித் தத்தி இறங்கும் சிறிய அருவி. 'கேட்டராக்ட்' என்பது பெருநீர் ஆவேசமாகப் பாயும் அருவி. இம்மூன்றுக்கும் நோட்டில் 'அருவி' என்று எழுதிய மாணவர் ஒரு சொல்லைத்தான் கற்றிருக்கிறார். விளக்கங்களை அடுத்தடுத்து வைத்து வாசித்தவர் மூன்றையும் கற்றிருக்கிறார்.

கேட்டராக்ட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு: கண்புரை. கிரேக்கத்தில் 'கீழே பாய்வது' என்ற கருத்தில் பிறந்த அச்சொல், கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கும் தடுப்புக் கதவையும் குறித்தது. பார்வையின் வாசலில் இறங்கிய கதவாகப் புரையைக் கண்டதால் அப்பெயர் வந்திருக்கலாம் என்று சொற்பிறப்பியலார் கருதுகின்றனர். ஒரு சொல் பல்பொருள் என்று நிகண்டு தனித் தொகுதியே வகுத்ததன் பயன் இங்கே விளங்கும். இரு பொருள்களுக்கும் இடையிலுள்ள வழியைக் கண்டவர் இரண்டையும் மறக்கமாட்டார்.

முடிவுரை

குற்றாலத்தில் 1964இல் பராசக்தி மகளிர் கல்லூரி எழுந்தது. இத்தகைய கல்லூரிகளில், குடும்பத்தில் முதல் தலைமுறையாக ஆங்கில நூல்களை எடுப்பவர்களுக்கு இந்த மரபின் பயன் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் அவர்கள் நான்கு குறிப்பு எழுதலாம்: அதன் பல பொருள்கள், அப்பொருளுக்குரிய பிற சொற்கள், அதனோடு சேர்த்து எண்ணப்படுபவை, ஒலியால் அதை நினைவூட்டும் சொல். இவை சதுரகராதியின் நான்கு பிரிவுகளே. ஐந்தாவதாக, எளிய ஆங்கிலத்தில் தாமே எழுதிய ஒரு விளக்க வாக்கியம் இருக்கட்டும். அது உரியியலின் நெறி.

கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் 'கேட்டமரான்', 'மல்லிகடானி' என்று ஆங்கில அகராதிக்குள் போய் விளக்கம் பெற்றுவிட்டன. சாரலுக்கு நிகர் கிடைக்காத மாணவர் சோர வேண்டியதில்லை. மலைக்கு அப்பால் பெய்யும் மழையைக் காற்று கொண்டுவந்து வெயிலில் தெளிப்பது என்று, தனக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களால் அவர் எழுதிப் பார்க்கட்டும். அந்த வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் தூறல், திவலை, மூடுபனி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை அவர் எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் ஏன் பொருந்தவில்லை என்று அறிந்திருப்பார். சாரலுக்கு ஒரு சொல் தேடப் போனவர் மூன்று சொற்களோடு திரும்புவார்.