கொடுப்பது குற்றமான 66 ஆண்டுகள்: பொட்லாட்ச் தடையும் கைம்மாறு பற்றிய கோட்பாடும்

கைம்மாறு பற்றி எழுதவரும் சமூகவியலாளர் எவரும் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மாஸைத் தொடாமல் போவதில்லை. கொடுக்க வேண்டும், கொடுத்ததை ஏற்க வேண்டும், ஏற்றதற்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று மூன்று கடமைகளை 1925இல் வெளியான தம் கட்டுரையில் அவர் வகுத்தார். அவர் முன்வைத்த சான்றுகளில் முக்கியமானது, கனடாவின் பசிபிக் கரையோரப் பழங்குடிகள் நடத்திய பொட்லாட்ச் விருந்து. பாரிஸில் அவர் அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, கனடாவில் அந்த விருந்தை நடத்துவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கோட்பாட்டையும் தடைச் சட்டத்தையும் அருகருகே வைத்து வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வான்கூவர் தீவின் வடபகுதியிலும் அதை ஒட்டிய கரையிலும் வாழும் குவாக்வக்கவாக் மக்களிடம் திருமணம், பெயர் சூட்டல், தலைமைப் பட்டத்தின் வாரிசுரிமை எல்லாம் பொட்லாட்சில்தான் உறுதியாகும். உரிமை கோருபவர் ஊரார் முன் தம் குடும்பத்துக்குரிய முகமூடி நடனங்களை ஆடச் செய்வார். வந்தவர்களுக்கு அவரவர் தகுதிக்கேற்பப் பொருள் வழங்குவார். பொருளை வாங்கிக்கொண்டவர் அந்த உரிமைக்குச் சாட்சி. நம் ஊர் விருந்தில் வந்தவர் மொய் எழுதுகிறார், அது நோட்டில் ஏறுகிறது. அங்கே அழைத்தவர் கொடுக்கிறார், வந்தவர்களின் நினைவே பதிவேடு. தாம் பெற்றதை வாங்கியவர்கள் பின்னொரு நாளில் தங்கள் விருந்தில் திருப்பிச் செய்வார்கள்.

கனடா அரசும் பாதிரிமார்களும் இதை ஊதாரித்தனமாகவே பார்த்தார்கள். சேர்த்ததை எல்லாம் வாரிக் கொடுப்பவனிடம் சொத்துணர்வு எப்படி வளரும் என்பது அவர்கள் கவலை. 1884இல், கனடாவின் பழங்குடிகளுக்கான ‘இந்தியர் சட்டம்’ திருத்தப்பட்டு, 1885 ஜனவரி 1 முதல் பொட்லாட்ச் தடைசெய்யப்பட்டது. தண்டனை 2 முதல் 6 மாதச் சிறை. சட்டத்தின் சொற்கள் தெளிவில்லாமல் இருந்ததால் 1889இல் ஒரு வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1895இல் வரையறையைத் திருத்தினார்கள். 1918இல் இவ்வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் அரசின் வட்டார முகவர்களுக்கே தரப்பட்டது. பிடிப்பவரே தீர்ப்பும் சொல்லலாம் என்றானது.

விளைவு 1921 டிசம்பரில் தெரிந்தது. வில்லேஜ் ஐலண்டில் டான் கிரான்மர் என்ற தலைவர் பெரும் பொட்லாட்ச் ஒன்றை நடத்தினார். படகுகள், தையல் இயந்திரங்கள், கிராமபோன்கள், மாவு மூட்டைகள், பில்லியர்ட்ஸ் மேசைகள்கூட வழங்கப்பட்டன. வட்டார முகவர் வில்லியம் ஹாலிடே 45 பேர் மீது வழக்குப் போட்டார். பேசியது, ஆடியது, பரிசுப் பொருளைச் சுமந்தது ஆகியவையே குற்றங்கள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைக்கும் ஊராருக்குச் சிறை இல்லை என்று பேரம் பேசப்பட்டது. சுமார் 20 பேர் சிறைக்குப் போனார்கள். ஒப்படைத்தவற்றை அலெர்ட் பே மாதாகோவில் மண்டபத்தில் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு ஒட்டாவா, டொரண்டோ அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு பகுதியை நியூயார்க் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹேய் விலைக்கு வாங்கிப்போனார்.

மாஸுக்குச் சான்றாக அமைந்தவற்றில் தலையாயது, உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஜார்ஜ் ஹண்டின் துணையோடு மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் திரட்டி 1897இல் வெளியிட்ட பெருநூல். அதற்குள் தடை வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் ஹண்ட் மீதே அந்தத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்து, அவர் விடுதலையானார். போவாஸ் பதிவு செய்த விருந்தும் அதற்குள் உருமாறியிருந்தது. 1849இல் குவாக்வக்கவாக் நிலத்திலுள்ள ஃபோர்ட் ரூபர்ட்டில் ஹட்சன்ஸ் பே கம்பெனியின் கோட்டை எழுந்ததும் கம்பளிகள் வந்து குவிந்தன. மறுபுறம் பெரியம்மை முதலான நோய்களால் மக்கள்தொகை சரிந்துகொண்டே போனது. பட்டங்கள் இருந்தன, அவற்றை ஏற்க ஆள் குறைந்தது. சில நூறு கம்பளிகளில் நடந்த விருந்து பல்லாயிரம் கம்பளிகளுக்கு வளர்ந்ததை மானிடவியலாளர் ஹெலன் கோடெர் 1950இல் காட்டினார். சொத்தை அழித்துப் பகைவனை வெட்கச் செய்யும் ஆவேசம் என்று மாஸ் கண்டதில் பெரும்பகுதி தொல்பழங்காலத்தின் எச்சமல்ல. கம்பளி வணிகமும் கொள்ளைநோயும் சேர்ந்து உண்டாக்கிய வீக்கம் என்றே நான் கருதுகிறேன். பெற்றதை இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும் என்ற செய்தியையும் அப்படியே ஏற்க முடியாது. அது கடனுக்குரிய விதி, பரிசுக்குரியதல்ல. போவாஸ் இரண்டையும் கலந்துவிட்டார் என்று மானிடவியலாளர்கள் பிலிப் டிரக்கரும் ராபர்ட் ஹைசரும் 1967இல் எழுதினார்கள். மூன்று கடமைகள் இதனால் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அவற்றை இயக்கியது போட்டி மட்டுமல்ல, சாட்சியும்தான். மாஸின் கட்டுரையில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

1951இல் சட்டம் திருத்தப்பட்டபோது தடைப்பிரிவு ஓசையின்றி விடப்பட்டது. பறித்த பொருள்களையோ, அருங்காட்சியகம் கட்டினால்தான் திருப்பித் தருவோம் என்று ஒட்டாவா நிபந்தனை விதித்தது. 1979இல் கேப் மட்ஜிலும் 1980இல் அலெர்ட் பேயிலும் அருங்காட்சியகங்கள் எழுந்தன. பறித்துக்கொண்டவர் திருப்பித்தர நிபந்தனை போடுவது எந்தக் கைம்மாறு முறையிலும் சேராது. 2003இல் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனின் மகள், தந்தையின் சேகரிப்பிலிருந்த தலையணி ஒன்றை எந்த நிபந்தனையும் இல்லாமல் அலெர்ட் பேக்குத் திருப்பித் தந்தார். மாஸின் கட்டுரையைப் பாடமாக வைக்கும் நம் பல்கலைக்கழகத் துறைகள், 1884ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தையும் அதே பாடத்தில் சேர்க்க வேண்டும்.