கடல் நுண்ணுயிர்க் கொழுப்பு

கடல்வாழ் பாக்டீரியா, நுண்பாசி ஆகியவற்றின் மரபணுக்களை மாற்றி, உணவுக்கோ எரிபொருளுக்கோ உதவும் கொழுப்புகளை விளைவிக்கும் துறை.

கொல்கத்தா பவானிபூரின் ஜதுபாபு பஜாரில் இலிஷ், அதாவது நம் உல்லம் மீன், வாங்குபவர் அதன் எண்ணெய்க்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். அந்த எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்களில் பெரும்பகுதி மீன் உண்டாக்கியதல்ல. உணவுச்சங்கிலியின் அடியிலுள்ள டயாட்டம் போன்ற நுண்பாசிகளின் கைவேலை. மீனை விட்டுப் பாசியையே வேலை வாங்க முடியாதா என்ற கேள்வியிலிருந்து இத்துறை வளர்ந்தது.

ஜப்பானில் ஆய்வாளர் யசாவாவின் குழுவினர் கானாங்கெளுத்தி மீனின் குடலில், ஈபிஏ என்னும் ஒமேகா-3 அமிலத்தைச் செய்யும் ஷெவனெல்லா பாக்டீரியாவைக் கண்டனர். அதன் மரபணுத் தொகுதியை 1990களில் பிரித்தெடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தியதும் அதுவும் ஈபிஏ தந்தது. 1997இல் அதே தொகுதி சைனெகோகாக்கஸ் என்னும் கடல் நீலப்பச்சைப்பாசிக்குள்ளும் போனது.

எரிபொருளின் கதை இவ்வளவு சுமுகமானதல்ல. அமெரிக்க அரசின் பாசி எண்ணெய்த் திட்டம் 1978 முதல் 1996 வரை நடந்தது. அதில் சைக்ளோடெல்லா டயாட்டத்துக்குக் கொழுப்பாக்க நொதியின் மரபணுவைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். நொதி பெருகியது, கொழுப்பு பெருகவில்லை. பாசி பொதுவாக நைட்ரஜன் பட்டினியில்தான் கொழுப்பைச் சேர்க்கும். பட்டினி கிடந்தால் வளராது. இந்த முடிச்சை 2017இல் சிந்தெடிக் ஜினோமிக்ஸ் நிறுவனம் ஓரளவு அவிழ்த்தது: நானோகுளோரோப்சிஸ் பாசியில் ஒரே ஒரு கட்டுப்பாட்டு மரபணுவைத் தணித்ததில், வளர்ச்சி அதிகம் குன்றாமலே கொழுப்பு ஏறத்தாழ இரட்டித்தது. ஆனாலும் இந்த ஆய்வில் 2009 முதல் பணம் கொட்டிய எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் விலகிய செய்தி 2023இல் வந்தது. டீசலோடு விலையில் மோதுவது பாசிக்கு ஆகாத காரியம். கிராம் கணக்கில் விற்கும் ஊட்டக்கொழுப்பே அதற்கு ஏற்ற சந்தை.

இத்துறைக்குச் சட்டக் கதவைத் திறந்தவர் ஒரு வங்காளி. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கியது, கச்சா எண்ணெயைத் தின்னும் சூடோமோனாஸ் பாக்டீரியா. எண்ணெய் செய்வதல்ல, தின்பது! மனிதர் உருவாக்கிய உயிரான அதற்குக் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கடல் நீலப்பச்சைப்பாசித் தேசிய மையம், அப்பாசியின் வகைகளைச் சேகரித்துக் காத்து வருகிறது.