இசைக்கு வாயில் திறந்த வரலாறு

மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. ஆடல், இசை, தண்ணுமை, குழல், யாழ் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆசிரியர் அவளுக்கு வாய்த்தனர். மன்னன் 1,008 கழஞ்சு பொன் பரிசளித்தான். இத்துணை விரிவான கல்வி அக்கலைக்கென்றே பிறந்த குலத்தார்க்கன்றிப் பிறர்க்கு எளிதிற் கிட்டியதன்று.

பிற்காலத்தும் நிலைமை பெரிதும் மாறவில்லை. நாதசுவரமும் தவிலும் மேளக்காரர் குடும்பங்களிலும், தேவாரப் பண்கள் ஓதுவார் மரபிலும் வழிவழி வந்தன. பிறர் கற்க விரும்பின், குருவின் இல்லத்தில் பல்லாண்டு தங்கிப் பணிசெய்ய வேண்டும். அன்றன்று உழைத்து உண்பவனுக்கு அஃது இயலுமோ? கச்சேரி மேடைகளிலோ பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனங்களே ஒலித்தன. பிறப்பு, பொழுது, மொழி என மூன்று தடைகள் எளியோரை இசையினின்று விலக்கி நிறுத்தின.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கண்டார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். குருவின் வாய்மொழியாக வந்த இசையிலக்கணம் அச்சேறிப் பலர் கைக்கும் எட்டியது. அண்ணாமலை செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி நிறுவியபோது, இசையும் ஏனைய பாடங்களைப் போல வகுப்பறையிற் கற்கும் கல்வியாயிற்று. பிறப்பென்னும் தடை இங்ஙனம் தளர்ந்தது. ஓதுவார் மரபில் வந்த எம். எம். தண்டபாணி தேசிகர் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைத்துறைக்குத் தலைமை பூண்டமை, பழைய மரபும் புதிய பள்ளியும் கைகோத்தமைக்குச் சான்றாகும்.

1941-இல் அப்பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு, மேடைகளில் தமிழ்ப்பாடல்களுக்கு முதலிடம் வேண்டுமென வற்புறுத்தியது. கடும் எதிர்ப்பு எழுந்தது. எனினும், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் இசைக் கல்லூரி மாலை வேளையில் வகுப்பு நடத்தியதால், பகலில் அலுவல் பார்ப்போரும் பாடக் கற்றனர். மொழித் தடையோடு பொழுதின் தடையும் நீங்கிற்று.

அதே 1943-இல் மலாயாத் தமிழர் ஜப்பானியர் ஆட்சியில் அல்லலுற்றனர். தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். உயிர் பிழைப்பதே அரிதான அந்நாளில், இசைப்பள்ளி நிறுவ யாரால் இயலும்? தோட்டக் கோயில் பசனையும் தேவாரமுமே எளியோர்க்கு இசைப்பள்ளியாயின. அங்கு இசை செவிவழியே வளர்ந்தது. முறையான பயிற்சி வாய்த்தவர் சிலரே.

இன்று தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குறைந்த கட்டணத்தில் குரலிசை, நாதசுவரம், தவில், தேவாரம் முதலியவற்றை மூன்றாண்டு கற்பிக்கின்றன. எனினும், அவை இளையோர்க்கே உரியவை. ஜெராய் மலைக்கும் கடலுக்கும் இடையே அமைந்த யான் போன்ற வட்டாரத்துக்கு ஏற்றது சென்னையின் மாலை வகுப்பே. வேலை முடிந்த பொழுது, பொருள் விளங்கும் தமிழ்ப்பாடல், ஏழையும் செலுத்தக்கூடிய கட்டணம் ஆகிய மூன்றும் அமையின், பேரனும் பாட்டனும் ஒரே பாயில் அமர்ந்து பண் பயில்வர். கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ அதற்குப் போதும், மாளிகை வேண்டுவதில்லை.