மிட்டாதார் முதல் குமாரமங்கலம் வரை: சேலம், நாமக்கல் சமவெளியில் பரம்பரைப் பட்டங்கள்

சேலம் மாநகரில் மிட்டாபுதூர் என்றொரு பகுதி உண்டு. ஜாகீர் அம்மாபாளையம், ஜாகீர் ரெட்டிப்பட்டி என்று இன்னும் இரண்டு. நாமக்கல் மாவட்டத்தில் பரமத்திவேலூர்ப் பக்கம் போனால் ஜமீன் இளம்பள்ளி. மிட்டாதாரும் ஜாகீர்தாரும் ஜமீன்தாரும் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஊர்ப்பெயருக்கு முன்னால் அவர்கள் விட்டுப்போன ஒட்டு மட்டும் பேருந்துப் பலகையில் இருக்கிறது. இதற்கு நேர்மாறான ஒன்றும் இதே சமவெளியில் நடந்தது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் என்ற ஊரின் பெயர் ஒரு குடும்பத்தின்மேல் ஏறி, இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி ஒருவருக்கும் மத்திய அமைச்சர் இருவருக்கும் குடும்பப் பெயராயிற்று.

தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் பட்டம் என்றாலே நமக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அங்கே ஒரு பட்டம் நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் உருண்டு வந்திருக்கிறது. இங்கே அப்படி நீண்டவை மிகச் சில. நம்மவர் நிலையில்லாதவர்கள் என்றோ அவர்கள் கட்டுக்கோப்பானவர்கள் என்றோ இதற்குக் காரணம் சொல்வது சோம்பலான விடை. பட்டம் எதனோடு கட்டப்பட்டிருந்தது என்று பார்க்க வேண்டும். வாளோடு கட்டிய பட்டம், வரியோடு கட்டிய பட்டம், கோயில் மரியாதையோடு கட்டிய பட்டம் ஆகிய மூன்றும் இங்கே இருந்தன. மூன்றுக்கும் ஆயுள் வேறு வேறு.

வாளின் காலம்

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவர்கள் என்று மூன்று பெயர்களைச் சொல்வது மரபு. மும்முடிக் கெட்டி முதலி தொடங்கினார், சீயாழிக் கெட்டி முதலி தொடர்ந்தார், வணங்காமுடிக் கெட்டி முதலி முடித்தார் என்பார்கள். முன்னொட்டுதான் ஆளைக் குறிக்கிறது. ‘கெட்டி முதலி’ என்பது தலைமுறை தோறும் கைமாறிய பட்டம். தாரமங்கலம், அமரகுந்தி, காவேரிபுரம் என்று பரவியிருந்த இந்தத் தலைவர்கள் மதுரை நாயக்கர்களுக்கு அடங்கியவர்கள். வடக்கே மைசூருக்கும் தெற்கே மதுரைக்கும் இடையிலான கணவாய்ப் பாதைகள் அவர்கள் கையில் இருந்தன. அந்தக் காவல்தான் பட்டத்துக்கு அடிப்படை. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர்ப் படைகள் கணவாய்களைத் தாண்டி இறங்கியதும் காவலுக்கு வேலை இல்லாமல் போனது, பட்டமும் போனது. கோயில் மிஞ்சியது.

கிழக்கே சேந்தமங்கலத்தில் ராமச்சந்திர நாயக்கர் இருந்தார். நாமக்கல் மலைமேல் உள்ள கோட்டையைக் கட்டியவராக மக்கள் சொல்வது அவரைத்தான். ஏசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டு இவரிடம் வந்து, பின் சேலத்துக்குப் போனார். அங்கே அவர் கண்ட நிலைமை இந்த ஆய்வுக்கு முக்கியமானது. சேலத்தை ஆண்டவர் தம்பி. அண்ணன் திருமங்கல நாயக்கர் பட்டம் இழந்து ஒதுங்கியிருந்தார். அவர் பின்னர் நொபிலியிடம் சேர்ந்து கிறித்தவரானார். மூத்தவன் என்பதாலேயே பட்டம் தானாக வந்து சேராது, வலுவுள்ளவன் பக்கம் சாயும் என்பதுதான் பாளையக்கார உலகத்தின் எழுதாத விதி.

அயர்லாந்தின் பழைய கேலிக் குலங்களிலும் ஏறக்குறைய இதே விதிதான். தலைவன் இறந்தால் மூத்த மகன் தானாகத் தலைவனாக மாட்டான். குலத்துக்குள் தகுதியானவனைத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி இதை உடைக்க ஒரு வழி கண்டார். குலத்தலைவன் தன் நிலத்தை மன்னரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆங்கிலப் பட்டத்தோடு திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். கான் ஓ’நீல் 1542-இல் அப்படித்தான் டைரோன் பிரபு ஆனார். சாசனத்தில் வாரிசாக எழுதப்பட்டவர் மாத்யூ. குலம் ஏற்றுக்கொண்டதோ ஷேன் என்ற இன்னொரு மகனை. ரத்தம் சிந்தித்தான் அது தீர்ந்தது. சேலத்துத் திருமங்கல நாயக்கருக்கு அப்படிக் காட்டுவதற்கு ஒரு சாசனம்கூட இல்லை.

ஏலத்தில் எடுத்த பட்டம்

மைசூர் ஆட்சியிலும், பின்னர் ஹைதர், திப்பு காலத்திலும் இப்பகுதியின் பழைய தலைவர்கள் பெரும்பாலும் துடைத்தெடுக்கப்பட்டார்கள். 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாரமகால் பகுதியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் ஆட்சியராக வந்தார். உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் போலப் பேரம் பேசவோ அடக்கவோ இங்கே பெரிய பரம்பரைத் தலைவர்கள் இல்லை. ரீட் நேராகக் குடியானவனிடம் போனார். வயல் வயலாக அளந்து, குடிமகனோடு நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை உருப்பெற்றது இந்த மண்ணில்தான். மன்றோ பாடம் படித்ததும் இங்கேதான்.

ஆனால் கல்கத்தாவில் இருந்த கம்பெனித் தலைமையின் எண்ணம் வேறு. வங்காளத்தைப் போலச் சென்னை மாகாணத்திலும் நிலையான தீர்வை வேண்டும், அதற்கு நிலப்பிரபுக்கள் வேண்டும் என்றார்கள். 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் ஒழுங்குவிதி வந்தது. நிலப்பிரபு இல்லாத இடத்தில் என்ன செய்வது? உண்டாக்குவதுதான்! அரசு நிலங்களை ஆண்டுக்கு 1,000 முதல் 5,000 நட்சத்திர வராகன் வரை வருமானம் தரும் துண்டுகளாக வகுத்து ஏலம் விட்டார்கள். ஒரு வராகன் மூன்றரை ரூபாய். துண்டுக்குப் பெயர் மிட்டா, எடுத்தவர் மிட்டாதார். அரசு தருவது சன்னத்து, அவர் எழுதிக்கொடுப்பது கபூலியத்து, ஆண்டுதோறும் கட்டுவது பேஷ்குஷ். பிள்ளை பேரன் என்று தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கலாம். ஒரே நிபந்தனை, பேஷ்குஷ் தவறக்கூடாது. தவறினால் மிட்டா மறுபடியும் ஏலத்துக்கு வரும்.

பட்டத்தைக் காசுக்கு வாங்குவதா என்று முகம் சுளிப்பவர்கள் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸைப் பார்க்கலாம். 1611-இல் அவர் ‘பாரனெட்’ என்ற புதிய பரம்பரைப் பட்டத்தைப் படைத்தார். விலை 1,095 பவுண்டு. அயர்லாந்தின் அல்ஸ்டரில் 30 சிப்பாய்களை மூன்றாண்டு வைத்துக் காப்பாற்ற ஆகும் செலவு அது. பாரனெட் குடும்பங்களில் சில இன்றும் பட்டத்தோடு இருக்கின்றன. மிட்டாதார்கள் இரண்டு மூன்று தலைமுறையிலேயே கரையத் தொடங்கினார்கள். இரண்டுமே விலைக்கு வந்தவைதான். வேறுபாடு வாங்கியதில் இல்லை, பிரித்துக்கொண்டதில் இருக்கிறது.

ஆங்கிலப் பட்டம் ஒரு தலைமுறையில் ஒருவருக்குத்தான். மூத்தவன் பிரபு, தம்பிகள் சாதாரணக் குடிமக்கள். நிலம் விற்றுப்போனாலும் சாசனம் செல்லும். சேலத்து மிட்டாவோ இந்துச் சட்டப்படி குடும்பச் சொத்து. தகப்பன் கண்ணை மூடினால் நான்கு மகன்களுக்கும் நான்கு பங்கு; நால்வரும் மிட்டாதார்கள். பேரன் காலத்தில் அரைக்கால் பங்கு, வீசம் பங்கு. பட்டம் பெருகப் பெருக அதன் மதிப்பு தேய்ந்தது. பழைய பாளையங்களின் வழிவந்த பெரிய ஜமீன்களுக்கு, பங்கு பிரிக்கக் கூடாது, மூத்தவனுக்கே சேரும் என்ற வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்துக்குக் காப்பாக 1904-இல் பங்கிடப்படா ஜமீன் சட்டம் வந்தது. ஏலத்தில் பிறந்த மிட்டாக்களுக்குக் காட்டுவதற்கு அத்தகைய தொல்வழக்கம் எங்கே இருந்தது?

பங்கீட்டுக்கு முன்பே பேஷ்குஷ் பலரைக் கவிழ்த்தது. மழை பொய்த்த ஆண்டிலும் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை குறையாது. மிட்டாக்கள் கைமாறின, பலவற்றை அரசே திரும்ப எடுத்துக்கொண்டு ரயத்துவாரியில் சேர்த்தது. அப்படிக் கைமாறியதில் ஒரு விந்தையும் நடந்தது. ஜி.எஃப். ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் பருத்தி வணிகர் 19-ஆம் நூற்றாண்டில் சேலம் ஜமீன்தாராகவே ஆனார். தன் நாட்டில் அவர் பிரபு இல்லை, சேலத்தில் ஜமீன்தார். வெள்ளைக்கார ஜமீன்தார் என்பது அன்றைய மாகாணத்துக்கே புதுமை.

பட்டக்காரரும் மணியகாரரும்

இந்த ஏலக் கடைக்கு வெளியே இன்னொரு வகைப் பட்டம் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. கொங்குப் பகுதியின் பட்டக்காரர், நாட்டார், ஊர்க் கவுண்டர் ஆகியோருடையது அது. மேற்கே காங்கேயம் பக்கத்துப் பழையகோட்டைக் குடும்பத்தில் நல்லசேனாபதிச் சர்க்கரை மன்றாடியார், நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் என்று பெயர்கள் மாறி மாறி வரும். பட்டமும் பெயரும் ஒன்றாகவே தலைமுறை இறங்கும். திருச்செங்கோட்டு வட்டாரத்திலும் கொல்லிமலை அடிவாரத்திலும் சிறிய அளவில் இதே ஏற்பாடு. தேர் வடம் தொட யாரை முதலில் அழைப்பது, பரிவட்டம் யார் தலையில் முதலில் ஏறுவது, தீர்த்தமும் திருநீறும் யாருக்குப் பிறகு யாருக்கு என்பவைதான் இவர்களுடைய சன்னத்து. பங்காளிகளுக்குள் தோட்டம் பிரியும், வீடு பிரியும். பரிவட்டத்தை மட்டும் நான்காகக் கிழிக்க முடியாது. ஒன்று மூத்த வீட்டுக்குப் போகும், அல்லது ஆண்டுக்கொருவர் என்று முறை வைப்பார்கள். ஆங்கிலப் பட்டத்தின் பங்கிடப்படாத தன்மைக்கு நம் ஊரில் நெருங்கிய உறவு ஜமீன் சட்டத்தில் இல்லை, இந்தப் பரிவட்டத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

அரசும் ஒரு பரம்பரையை வைத்திருந்தது. மணியகாரர் எனப்பட்ட கிராம முன்சீப்பு, கணக்குப்பிள்ளை, தலையாரி வேலைகள் தகப்பனுக்குப் பின் மகனுக்கு. 1895-இல் இதற்கென்றே பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் வந்தது. பிறப்பை வைத்து அரசு வேலை தருவது அரசமைப்புக்கு முரண் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் கதையை முடித்தது 1980 நவம்பர் 14-இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம். கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஊரில் மட்டும் ‘மணியகாரர் வீடு’, ‘கணக்குப்பிள்ளை வீடு’ என்ற அடையாளங்கள் இன்னும் வழி சொல்ல உதவுகின்றன.

ஒரு ஊர், ஒரு குடும்பம்

குமாரமங்கலம் ஜமீன் பெரியதல்ல. ராமநாதபுரத்தோடு ஒப்பிடவே முடியாது. அந்தக் குடும்பத்தில் 1889-இல் பிறந்த ப. சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தார். 1926 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி ஆனார். தேர்தலில் அதிக இடம் பெற்ற சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்தபோது, கட்சி சாராதவராக அவர் அமைத்த அமைச்சரவை 1930 வரை நீடித்தது. மங்களூரைச் சேர்ந்த ராதாபாயை மணந்தார். ராதாபாய் 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர்.

தமிழர் வழக்கப்படி சுப்பராயனின் பிள்ளைகள் பெயருக்கு முன்னால் ‘சு’ என்ற முதலெழுத்து வந்திருக்க வேண்டும். வந்தது பெயருக்குப் பின்னால் ஊர். மூத்தவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். தம்பி மோகனும் அப்படியே. இருவரும் படித்தது இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில். டெவன்ஷயர் என்பதுபோல் இடப்பெயரையே பட்டமாக அணிந்தவர்களின் பிள்ளைகள் சூழ்ந்த இடம் அது. தன் ஊர்ப் பெயரோடு அறியப்படுவது அங்கே இயல்பாக இருந்திருக்கும். மூத்தவரின் முதற்பெயரில் தாத்தா வாழ்கிறார்; சுப்பராயனின் ‘ப’வும் அதே பரமசிவம்தான். பேரனுக்குத் தாத்தா பெயர் என்ற நம் வழக்கமும், ஊர்ப்பெயர் குடும்பப் பெயராகும் அவர்கள் வழக்கமும் ஒரே பெயருக்குள் கூடிவிட்டன. மகள் பார்வதியோடு ஊர்ப்பெயர் போகவில்லை. மணமான பின் பார்வதி கிருஷ்ணனாகக் கோவை மக்களவை உறுப்பினரானார். பெரும்பாலான ஆங்கிலப் பட்டங்களைப் போல இதுவும் ஆண்வழியிலேயே இறங்கியது.

ஜமீன் ஒழிப்பின் வரலாற்றிலும் இக்குடும்பம் எதிர்த்தரப்பில் நிற்கவில்லை. 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் சுப்பராயன் இருந்தார். அந்த ஆட்சியில்தான் ஜமீன் நிலத்தில் குடியானவன் உரிமையை ஆராயும் குழு டி. பிரகாசம் தலைமையில் அமைந்தது. 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் அவர் உள்துறை அமைச்சர். அந்த அரசு கொண்டுவந்ததுதான் 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டமான எஸ்டேட் ஒழிப்புச் சட்டம். ஜமீனும் மிட்டாவும் ரயத்துவாரியாயின. குடியானவனுக்குப் பட்டா, ஜமீன்தாருக்கு இழப்பீடும் பண்ணை நிலமும். ரீட் 1792-இல் தொடங்கிய இடத்துக்கே சேலம் திரும்பி வந்தது.

மோகன் பொதுவுடைமைக் கட்சியில் வளர்ந்தவர். பின்னர் காங்கிரசில் சேர்ந்து 1971-இல் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானார். அவ்வாண்டு டிசம்பரில்தான் அரசமைப்பின் 26-ஆம் திருத்தம் மன்னர்களின் பட்டத்தையும் மானியத்தையும் ஒழித்தது. 1973-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் 1984, 1989, 1991 தேர்தல்களில் சேலத்தில் வென்றார். பிறகு பாரதிய ஜனதாவில் சேர்ந்து திருச்சியில் வென்று மின்துறை அமைச்சரானார். கட்சிகள் மாறின, கொள்கைகள் மாறின. வாக்குச் சீட்டில் ஊர்ப்பெயர் மாறவில்லை. ஜமீன் இருந்திருந்தால் பங்காளிகளுக்குள் சிதறியிருக்கும். ஜமீன் போனதும் வெறும் பெயராக எஞ்சியதால்தான் அதை யாரும் பங்கு கேட்கவில்லை.

சட்டத்தின் இடுக்குகள்

1937-இல் அயர்லாந்து தன் அரசமைப்பின் 40-ஆம் பிரிவில் அரசு பிரபுப் பட்டம் எதையும் வழங்காது என்று எழுதிக்கொண்டது. நம் அரசமைப்பின் 18-ஆம் பிரிவும் அதே திசையில் போகிறது. படைத்துறைச் சிறப்புக்கும் கல்விச் சிறப்புக்கும் மட்டும் விலக்குத் தருகிறது. ஜமீன்தார் என்ற பட்டம் போன வீட்டில் தகப்பன் டாக்டர் சுப்பராயன் என்றே அறியப்பட்டார். 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தலைவராக இருந்த மகன் ஜெனரல் குமாரமங்கலம். இரண்டும் அந்த விலக்குக்குள் அடங்குபவை. இரண்டும் மகனுக்கு இறங்காதவை.

பரிவட்டத்தை மட்டும் எந்தச் சட்டமும் நேராகத் தொடவில்லை. கோயில் வேலைகளில் வாரிசுரிமையை 1970-களின் தொடக்கத்தில் அரசு எடுத்துவிட்டது. ஆனால் 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, ஒரு கோயிலில் வழக்கப்படி ஒருவருக்கு மரியாதை உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அறநிலையத் துறை அதிகாரியிடம் விட்டிருக்கிறது. பட்டம் வழங்கக் கூடாத அரசின் அலுவலகத்தில், தாத்தா காலத்துச் செப்பேட்டு நகலோடும் பழைய திருவிழாப் பத்திரிகைகளோடும் மனு கொடுக்க இன்றும் இடம் இருக்கிறது.