சிறையும் சொல்லும்

இங்கிலாந்தின் சிறைகள் தொடக்கத்தில் தண்டனைக்கென அமைந்தவை அல்ல. விசாரணையை எதிர்நோக்கியோரும், தூக்குமேடைக்கும் நாடுகடத்தலுக்கும் காத்திருந்தோரும், கடன்பட்டோருமே அவற்றில் நிறைந்திருந்தனர். 1773இல் பெட்ஃபோர்ட்ஷயரின் ஷெரீப் ஆன ஜான் ஹோவர்ட், குற்றமற்றோர் எனத் தீர்ப்புப் பெற்றவர்களும் சிறைக்காவலருக்குரிய கட்டணத்தைச் செலுத்த இயலாமல் உள்ளேயே கிடப்பதைக் கண்டார். பல ஊர்ச் சிறைகளை நேரில் ஆராய்ந்து, 1777இல் தம் நூலை வெளியிட்டார். நெரிசல் மிக்க அக்கூடங்களில், தூக்குக் கயிற்றினும் மிகுதியான உயிர்களைச் சிறைக்காய்ச்சல் கொண்டது என்பது அவர் கணிப்பு.

நெரிசலுக்கு மாற்றாக வந்தது தனிமை. 1842இல் இலண்டனில் திறக்கப்பட்ட பென்டன்வில் சிறையில் 520 தனியறைகள் இருந்தன. ஒருவர் முகத்தை மற்றொருவர் அறியாவண்ணம் முகமூடி; வழிபாட்டுக் கூடத்திலும் தடுப்பு; பேச்சுக்குத் தடை. தனித்திருப்பின் மனம் திருந்தும் என்பது வகுத்தோர் நம்பிக்கை. சிலருக்கோ மனம் திருந்துமுன்னே பிறழ்ந்தது.

1895இல் ஈராண்டுக் கடுங்காவல் பெற்ற ஆஸ்கார் வைல்டும் பென்டன்வில்லில் அடைக்கப்பட்டார். பின்னர் ரெடிங் சிறையில் அவர் பெயர் மறைந்து, 'சி.3.3.' என்னும் அறையெண்ணே எஞ்சியது. 1896இல் பொறுப்பேற்ற கண்காணிப்பாளர் நெல்சன் தாளும் மையும் தர இசைந்தார். 'டி புரொபண்டிஸ்' எனப் பின்னாளில் பெயர்பெற்ற நெடுமடல் அதன் பயனே. விடுதலைக்குப்பின் 1898இல் வெளிவந்த அவருடைய ரெடிங் சிறைக் கதைப்பாடலில், ஆசிரியர் பெயராக அச்சேறியது அவ்வறையெண்ணே. பெயரைப் பறித்த எண்ணைக் கவிஞர் தம் கையொப்பமாக்கிக் கொண்டார்.

நெரிசல் மீண்டும் வந்தது. 1990 ஏப்ரலில் மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் கைதிகள் கூரையேறி 25 நாள் கிளர்ந்தனர். ஏறத்தாழ 970 பேருக்குரிய இடத்தில் 1,600க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். 1991இல் வெளியான நீதியரசர் வுல்ஃபின் அறிக்கை, காவலும் ஒழுங்கும் நீதியோடு சமநிலையில் நிற்றல் வேண்டும் என்றது. ஆயினும், 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 45,000 ஆக இருந்த இங்கிலாந்து, வேல்சுக் கைதிகளின் தொகை 2024 செப்டம்பரில் 88,500ஐக் கடந்தது. தண்டனைக் காலம் நீண்டமையே இதற்குப் பெருங்காரணம். இடமின்மையால் ஆயிரக்கணக்கானோர் காலத்திற்கு முன்பே விடுவிக்கப்பட்டனர்.

உடலுக்கு இடம் சுருங்கிய இக்காலத்திலேயே நூலுக்கும் தடை வந்தது. வெளியிலிருந்து கைதிகளுக்கு நூல்கள் அனுப்புவதை 2013 நவம்பரில் வந்த விதிகள் தடுத்தன. 2014 மார்ச்சில், அன்றைய அரசவைக் கவிஞர் கரோல் ஆன் டஃபியும் பிற எழுத்தாளரும் பென்டன்வில் வாயிலில் நின்று கவிதை வாசித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் அத்தடை சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

பேச்சை ஒடுக்க எழுந்த மதிலின் முன்னேதான் கவிஞர்கள் சொல்லின் உரிமைக்காக நின்றனர். சிறைகளைச் சீர்திருத்துவது அரசின் கடன். உள்ளிருப்போர்க்கு ஒரு நூலும் ஒரு தாளும் மறுக்கப்படாமல் காப்பதில் எழுதுவோர்க்கும் பங்குண்டு.